மேல்நிலைப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளே மேல்நிலைப் பள்ளிகளில் விண்ணப்பம் வாங்கப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த குரூப் எடுப்பது என்ற பேச்சு பல வீடுகளில் அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுகிறது. பிள்ளைக்கு எந்தக் கல்லூரிப் படிப்புக்குத் தகுதி இருக்கும், எதற்கு இருக்காது என்பதை ஏறக்குறைய முடிவு செய்துவிடும் ஒரு கேள்விக்கு அரை நாள் யோசனைகூடக் கிடைப்பதில்லை. நான் பார்த்தவரை, மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒரு தாமதத்திலிருந்தே கிளைக்கின்றன.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களையே படிக்கிறார்கள் என்பதால், அதுவரை தேர்வு செய்ய எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் பிடிபடாமல் போய், ஒன்பதாம் வகுப்பில் அதைச் சரிசெய்யாமல் விட்ட பிள்ளைக்குக் கணிதம் உள்ள பாடப்பிரிவுகள் யாரும் சொல்லாமலே தூரமாகிவிடுகின்றன. எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி தங்கிப்போகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே கவனித்து வந்தால், பத்தாம் வகுப்பு முடிவு அதிர்ச்சியாக வராது.

அடுத்த தவறு, மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பாடப்பிரிவை முடிவு செய்வது. ஒரு மாணவர் தமிழில் 96, ஆங்கிலத்தில் 88, கணிதத்தில் 68, அறிவியலில் 81, சமூக அறிவியலில் 97 என்று 500க்கு 430 பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 430 நல்ல மதிப்பெண்தான். பல பள்ளிகளில் அதற்கு உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பிரிவில் மாணவர் சந்திக்கப்போவது கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கையும். மொத்தத்தை உயர்த்திக் கொடுத்த சமூக அறிவியல் அங்கே இல்லை. அந்த 68ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினால் அது கைக்கு வந்துவிடும். அறிவியலிலும் 100இல் 25 செய்முறைத் தேர்வுக்கு உரியது. இவற்றைக் கழித்துவிட்டு, இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் ஆகிய மூன்றிலும் பிள்ளை தானாகச் சிந்தித்து எழுதிய விடைகள் எத்தனை என்று அரையாண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களில் பாருங்கள். பதினோராம் வகுப்புக் கணிதம் நிற்பது அந்த மூன்றின் மீதுதான்.

மிக அதிகமாக நடக்கும் தவறு, போய்ச் சேர விரும்பும் இடத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே நுழைவதற்கான விதியைப் பார்க்காமல் விடுவது. ஒரு பக்கம் சி.எம்.சி. மருத்துவமனையும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும், இன்னொரு பக்கம் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் கண்ணெதிரே இருக்கும் ஊரில், டாக்டர் அல்லது இன்ஜினியர் என்ற இரண்டு சொற்களுக்குள் பேச்சு அடங்கிவிடுவதில் வியப்பில்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை முடிவு செய்யும் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியல் மதிப்பெண் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது. அங்கே கணிதத்துக்கு இடமில்லை. ஆகவே பொறியியல் என்று உறுதியாக இருக்கும் மாணவருக்குக் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பிரிவு போதும். மருத்துவம் சார்ந்த படிப்பு என்று உறுதியாக இருப்பவருக்குத் தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவு போதும். இரண்டு வாசலும் திறந்திருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து எடுப்பது தவறில்லை; ஆனால் அதன் சுமையைப் பிள்ளை இரண்டு ஆண்டுகளும் தூக்க வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த மாவட்டத்தில் செவிலியர் படிப்புக்கு இருக்கும் மதிப்பு பெரியது. பெண் பிள்ளைகள் பலர் அதை மனத்தில் வைத்திருக்கிறார்கள். பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அந்த எண்ணத்தோடு இருக்கும் பெண், தோழிகள் எடுத்தார்கள் என்று கணினி அறிவியல் பிரிவுக்குப் போய்விட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. பி.பார்ம். படிப்பு சற்று விரிந்தது: இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், மூன்றாவதாக உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். இப்படிப்பட்ட விதிகள் அந்தந்தப் படிப்பின் தகவல் தொகுப்பில் ஆண்டுதோறும் அச்சிடப்படுகின்றன. பதினோராம் வகுப்பில் சேர்வதற்கு முன்பே சென்ற ஆண்டுத் தொகுப்பைப் படித்துவிடுவது நல்லது.

வணிகவியல் பிரிவைக் குறைந்த மதிப்பெண்காரர்களுக்கு உரியதாக எண்ணுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரை நீளும் தோல், காலணித் தொழிலில் ஏற்றுமதி ஆவணமும் ஜி.எஸ்.டி. கணக்கும் அறிந்தவர்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பட்டயக் கணக்காளர் அடித்தளத் தேர்வையும் எழுதலாம். அந்தத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கிய ஒரு தாள் உண்டு. ஆகவே அந்த வழியில் போக விரும்புபவர், பள்ளியில் வாய்ப்பு இருந்தால் கணினிப் பயன்பாடுகளுக்குப் பதிலாக வணிகக் கணிதத்தை எடுப்பது பயன் தரும். தொழிற்கல்விப் பிரிவையும் இப்படியே ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. கைவேலையில் ஆர்வமும் ஏட்டுப் படிப்பில் அலுப்பும் உள்ள பிள்ளையை மேல்நிலையில்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொரப்பாடி அரசு பாலிடெக்னிக் போன்ற இடங்களில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பள்ளியை மாற்றுவதில் நடக்கும் தவறுக்கு விலை அதிகம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நன்றாகத் தேறிய பிள்ளையைக் கடன் வாங்கியாவது நீட் பயிற்சி தரும் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. கடைசி இரண்டு ஆண்டுகளில் வெளியேறினால் அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் போய்விடும். பயிற்று மொழியை மாற்றும்போதும் இதே கவனம் தேவை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்ட பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். மேல்நிலையில் ஆங்கிலவழிக்கு மாறுவது சில பிள்ளைகளுக்குத் தேவையாகவே இருக்கலாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாற வேண்டும்.

மதிப்பெண் எளிதாக வரும் என்று மேல்நிலையில் முதல் பாடமாகத் தமிழை விட்டு வேறு மொழியை எடுப்போரும் உண்டு. பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் மொழிப்பாடம் சேராது. அரசுப் பணித் தேர்வுகளிலோ தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம்.

கடைசியாக, பதினோராம் வகுப்பை ஓய்வு ஆண்டாக நினைப்பது. அந்த வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டு நடத்தும் வழக்கத்தை நிறுத்தவே 2017-18இல் அங்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருப்பதால், பழைய வழக்கம் திரும்பாமல் பெற்றோர்தான் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நீட், பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இரண்டிலும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினா வருகிறது. தொடக்க வாரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்பியல் புத்தகத்தின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. நன்றாகப் படித்த பிள்ளையும் ஜூலையில் ‘பிசிக்ஸ் புரியவில்லை’ என்று வீட்டில் சொல்வதற்கு இது ஒரு காரணம். அதைக் கேட்டதும் பதறிப் பிரிவை மாற்றிவிட வேண்டாம். கணித ஆசிரியரிடம் சொல்லி அந்த இரண்டு பகுதிகளை மட்டும் முன்கூட்டியே நடத்தித் தரக் கேளுங்கள். அதன் பிறகும் எல்லாப் பாடங்களிலும் திணறல் தொடர்ந்தால், தயங்காமல் அந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் புதிய பிரிவில் விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பது பிள்ளைக்கு மிகவும் கடினமாகிவிடும்.