காய்ச்சல் விட்ட மறுநாளே ஓட வேண்டாம்

மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுக்கிறார்கள். உடம்பு குளிர்ந்த மறுநாள் காலையில் அவர்களில் பலரைப் பூங்காவிலோ ஜிம்மிலோ பார்க்க முடிகிறது. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு சுற்று கூடுதலாக ஓடுகிறார்கள். அந்த அவசரம் எனக்குக் கவலை தருகிறது.

பெரும்பாலும் மாத்திரையால் இறங்கிய சூட்டைக் குணமானதாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும். அதற்குள் தெர்மாமீட்டரில் 98 என்று பார்த்துவிட்டு ஷூவை மாட்டக் கூடாது. மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அது விட்டதாகக் கணக்கு.

'நன்றாக வியர்க்கும்படி நடந்தால் காய்ச்சல் ஓடிவிடும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முறை கூடுதலாகத் துடிக்கிறது. அதன் மேல் ஓட்டத்தையும் சுமத்தினால் இதயத்துக்கு இரட்டை வேலை. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் அந்த நிலையில் கடுமையாக உழைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். இளைஞர்களும் விளையாட்டு வீரர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளி, வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓய்வுதான்.

டெங்கு பரவும் மாதங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த நோயில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம். உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று வீட்டார் நிம்மதியடையும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, தட்டணுக்கள் குறைகின்றன. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடற்பயிற்சியை மருத்துவர் சொன்ன பிறகு யோசித்தால் போதும்.

விட்ட இடத்திலிருந்தே தொடங்குவது அடுத்த தவறு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி நாடியை எண்ணுங்கள்; இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் எண்ண வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. வழக்கமாக 70 இருப்பவருக்கு 80-க்கு மேல் போனால் உடம்பு இன்னும் தேறவில்லை. வழக்கமான எண் தெரிய வேண்டுமே, அதனால் நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் நாள் பாதித் தூரம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். மறுநாள் காலை அசதி இல்லாவிட்டால் சற்றுக் கூட்டலாம். ஓட்டமும் எடை தூக்குவதும் கடைசியாக வரட்டும்.

இதற்கு நேர்மாறாக, காய்ச்சல் போன பின்னும் வாரக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களும் உண்டு. வயதானவர்களுக்குச் சில நாள் படுக்கையிலேயே கால் தசை தளர்ந்துவிடும். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் மேசைக்கு வரச் சொல்லுங்கள். கூடத்தில் நான்கு நடை நடக்கட்டும். எழும்போது தலை சுற்றலாம் என்பதால் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்பது நல்லது.

வயிற்றுப்போக்குக்குப் பிறகு தண்ணீர் மட்டும் போதாது. உப்புச் சத்தும் வேண்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். அது வயிற்றுப்போக்கை அதிகமாக்கும், உடலில் உப்பையும் கூட்டிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

சளிக்குப் பின் வறட்டு இருமல் மூன்று வாரம் வரை நீடிப்பது சாதாரணம். அதற்காக நடையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.