கலர் கோடு சரி, கலர் மட்டும் ஏன் சேரவில்லை?

பின்கதவு நசுங்கிய கார் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து வருகிறது. ஷெட்டுக்குள் டியூப் லைட்டில் பார்த்தால் குறையே தெரியவில்லை. மறுநாள் வெயிலில் நிறுத்தினால் அந்தக் கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதுபோல் நிற்கிறது. பெயின்டரைக் கேட்டால், "கம்பெனி கோடு பார்த்துத்தான் சார் கலந்து வாங்கினேன்" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். கோடு, அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்த குறியீடு, சரியாக இருந்தால் கலரும் சரியாக வந்துவிடும் என்று நம்புவதுதான் இதில் முதல் தவறு.

அந்தக் கோடுகூட இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி பெயின்ட் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் 'ஒயிட்' என்று இருப்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாருதியில் மட்டுமே சுப்பீரியர் ஒயிட் உண்டு, பேர்ல் ஆர்க்டிக் ஒயிட் உண்டு. முதலாவது சாதா வெள்ளை, இரண்டாவது முத்துபோல் மினுங்கும் பேர்ல். கோடு பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, கோடு கிடைத்துவிட்டது. ஆனால் ஒரே கோடில் வந்த இரண்டு வண்டிகளே அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. வெவ்வேறு பேட்ச், வெவ்வேறு தொழிற்சாலை என்று சின்னச் சின்ன வித்தியாசம் விழும். அதனால்தான் பெயின்ட் கம்பெனிகள் ஒரே கோடுக்குக் கொஞ்சம் மஞ்சள் கூடியது, கொஞ்சம் நீலம் கூடியது என்று பல வேரியன்ட் வைத்திருக்கின்றன. கடைக்காரரிடம் வேரியன்ட் சிப்புகளை, அதாவது நிற மாதிரி அட்டைகளை, கேட்டு வாங்கி வண்டியில் வைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. கேட்காவிட்டால் முதல் ஃபார்முலாவைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே கலரில் பழைய கதவு கிடைத்தது, பெயின்ட் செலவு மிச்சம் என்று அப்படியே மாட்டுகிறவர்களுக்கும் இந்த வேரியன்ட் விஷயம் பொருந்தும். போதாக்குறைக்கு, அந்தக் கதவு எத்தனை வருடம் எந்த வெயிலில் நின்றதோ!

அடுத்தது, அழுக்குப் படிந்த பேனலை (கதவு, ஃபெண்டர் போன்ற பாடிப் பகுதியை) வைத்து மேட்ச் செய்வது. சென்னை வெயிலில் வெளியே நிற்கும் வண்டியின் மேற்பரப்பு மங்கிப் போயிருக்கும். அதன் மேல் நிறம் அளக்கும் கேமராவை வைத்துப் படித்தால் அது மங்கலைத்தான் அளக்கும். அடிக்கப்போகும் பேனலுக்குப் பக்கத்துப் பேனலைக் கழுவி, காம்பவுண்டு போட்டு, பாலிஷ் செய்த பிறகுதான் சிப்போ கேமராவோ வைக்க வேண்டும். பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவது நம் ஊர் வழக்கம். தவறில்லை. ஆனால் முன் ஃபெண்டருக்குப் பெயின்ட் வாங்கப் பின்பக்கத்து மூடியை மட்டும் நம்பாதீர்கள், முன்கதவோடும் ஒத்துப் பாருங்கள்.

உண்மையான தலைவலி மெட்டாலிக்கில்தான், அதிலும் சில்வரில். சில்வருக்குள் இருப்பவை அலுமினியத் துகள்கள். அவை எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரே டப்பா பெயின்டே இரண்டு கலராகத் தெரியும். காற்றழுத்தத்தைக் கூட்டி, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் துகள்கள் மேலாகவே தங்கி நிறம் வெளுத்துவிடும். நெருங்கி ஈரமாக அடித்தால் துகள்கள் உள்ளே இறங்கி நிறம் கருத்துவிடும். திண்ணரும் இதே வேலையைச் செய்யும். மே மாத மதியத்தில் வேகமாக உலரும் திண்ணரைக் கலந்தால் பெயின்ட் பேனலைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். அந்த வெக்கைக்கு மெதுவாக உலரும் திண்ணர்தான் வேண்டும். கப்பில் துகள் அடியில் தங்கிவிடாமல் அடிக்கடி கலக்கவும் வேண்டும். கலர் சேரவில்லை என்றதும் டப்பாவில் கறுப்போ வெள்ளையோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும் பெயின்டர், முதலில் கன்னைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே பரிசோதனைதான், டெஸ்ட் கார்டு. இதைத் தவிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். டப்பாவில் குச்சியை விட்டுப் பார்ப்பதும், விரலில் தொட்டுக் கதவில் தடவிப் பார்ப்பதும் கணக்கில் சேராது. நிறம் தரும் பேஸ் கோட் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், மேலே நிறமில்லாத கிளியர் ஏறியதும் இன்னொரு நிறம். கெட்டி அட்டையிலோ தகரத் துண்டிலோ, பேனலுக்குப் போட்ட அதே நிற ப்ரைமர் மேல், அதே கன், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை கோட் அடித்து, கிளியரும் போட்டுக் காயவிட வேண்டும். அப்புறம் அதை வெளியே எடுத்து வந்து வண்டியில் ஒட்டினாற்போல் வைத்து நேராகப் பாருங்கள், சாய்ந்தும் பாருங்கள். நேரில் சேர்ந்து சாய்வில் கருப்பது மெட்டாலிக்கில் சகஜம். நிழல், வெயில் இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயின்ட் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும்.

பேர்ல் வெள்ளை என்றால் வேலை இன்னும் கூடும். கீழே வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு. நடு அடுக்கில் ஒரு கோட் கூடினாலும் நிறம் மாறும். ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று கார்டில் பட்டை பட்டையாக அடித்து, எது சேர்கிறது என்று பார்த்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் நூற்றுக்கு நூறு சேராது. அதற்குத்தான் பிளெண்டிங். சேதமான கதவின் விளிம்போடு மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்திக்கொண்டால் பழைய நிறமும் புது நிறமும் ஒரே கோட்டில் மோதும், கண் உடனே பிடித்துவிடும். பேஸ் கோட்டைப் பக்கத்துப் பேனலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, அந்தப் பேனல் முழுவதற்கும் கிளியர் போட்டால் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. செலவு கூடத்தான் செய்யும். மெட்டாலிக்குக்கு அந்தச் செலவு தேவை, சாதா வெள்ளைக்குப் பல நேரம் தேவைப்படாது. எஸ்டிமேட் போடும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

பம்பர் விஷயத்தில் மட்டும் பெயின்டரை ரொம்பப் படுத்த வேண்டாம். தொழிற்சாலையில் இரும்பு பாடி சுமார் 140 டிகிரியில் வேகும், அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது. அதனால் பம்பர் பெரும்பாலும் தனியாகத்தான் பெயின்ட் ஆகி வருகிறது. ஷோரூமிலிருந்து வந்த புது வண்டியிலேயே பம்பருக்கும் ஃபெண்டருக்கும் லேசான வித்தியாசம் இருப்பதைப் பார்க்கலாம்.

வண்டியை எடுக்க இரவு ஏழு மணிக்குப் போகாதீர்கள். காலையில் போய், தெருவில் நிறுத்தச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று சுற்றி வந்து பாருங்கள். மிஞ்சிய பேஸ் கோட்டில் பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கவில்லை என்றால் கேட்டு வாங்கி இறுக மூடி, மேலே கலர் கோடு, வேரியன்ட் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அந்த டெஸ்ட் கார்டையும்.