சுழற்சி அச்சைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு மூலக்கூறை ஒரு கோட்டைச் சுற்றித் திருப்பியதும் முன்போலவே தெரிந்தால், அந்தக் கோடுதான் சுழற்சி அச்சு. வடிவம் தவறினால் அச்சும் தவறும். மீத்தேனைத் தாளில் கூட்டல் குறிபோல வரைந்துவிட்டு, 90 பாகை திருப்பினால் அப்படியே பொருந்துகிறது, ஆகவே சி4 அச்சு (முழுச் சுற்றில் நான்கு முறை பொருந்தும் அச்சு) உண்டு என்று எழுதுபவர்கள் ஏராளம். உண்மையில் அது நான்முகி, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்; நடுவில் கார்பன், நான்கு மூலைகளில் ஹைட்ரஜன்கள். பிணைப்புக் கோணம் 109.5 பாகை, சி4 கிடையாது. ஆகவே முதலில் மாதிரி செய்யுங்கள்: நடுவில் ஒரு களிமண் உருண்டை, ஒரே நிறத்தில் நான்கு சிறு உருண்டைகள், நான்கு பல்குச்சிகள். அச்சுக்கு ஓர் ஈர்க்குச்சி.

180 பாகை திருப்பியதும் முன்போலவே தெரிந்தால் சி2, 120 என்றால் சி3, 60 என்றால் சி6. எந்த உருண்டை எங்கே போகிறது என்று பார்க்க ஒன்றில் மைப்புள்ளி வைக்கலாம். ஆனால் பொருந்துகிறதா என்று முடிவுசெய்யும்போது அந்தப் புள்ளியை மறந்துவிட வேண்டும்.

ஈர்க்குச்சியை எங்கே செருகுவது? எல்லா அச்சுகளும் மூலக்கூறின் நிறைமையத்தின் வழியே போகும் என்பதால் தேடும் இடம் சுருங்கிவிடுகிறது. முதலில் பிணைப்புகளின் வழியே: மீத்தேனில் நான்கு சி3 கிடைக்கும். பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிணைப்புக் கோணங்களை இரண்டாகப் பிரிக்கும் கோட்டிலும் பாருங்கள். இன்னும் மூன்று சி2 உண்டு. கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் மீத்தேனை ஒரு கனசதுரத்துக்குள் வைத்து, ஒன்றுவிட்ட மூலைகளில் ஹைட்ரஜன்களை நிறுத்துங்கள். எதிரெதிர் முகங்களின் மையங்களை இணைத்தால் அவைதான் அந்த சி2 அச்சுகள்.

வளையமானால் தளத்துக்குச் செங்குத்தாகத் தொடங்குங்கள். பென்சீனில் அங்கே சி6; தளத்துக்குள் ஆறு சி2, அவற்றில் மூன்று எதிரெதிர் கார்பன்கள் வழியாகவும் மூன்று எதிரெதிர் பிணைப்புகளின் நடுவாகவும் போகும்.

போரான் ட்ரைபுளோரைடு தட்டையானது: ஒரு சி3, ஒவ்வொரு பிணைப்பின் வழியே ஒன்றாக மூன்று சி2. அம்மோனியாவோ பிரமிடு, சி3 மட்டும்தான். நைட்ரஜனில் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனி எலக்ட்ரான் இணையை மறந்து தட்டையாக வரைந்தால் இல்லாத மூன்று சி2 முளைத்துவிடும்.

அதிகம் தவறவிடப்படுவது அல்லீன்: நேர்வரிசையில் மூன்று கார்பன்கள், இரு முனைகளிலும் இரண்டிரண்டு ஹைட்ரஜன்கள். மூன்று கார்பன்களின் வரிசையில் ஒரு சி2 எளிதில் தெரியும். இப்போது நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து பாருங்கள்: முன்னால் உள்ள இரு ஹைட்ரஜன்கள் கிடையாகவும் பின்னால் உள்ளவை நெடுவாகவும் சிலுவைபோல் நிற்கும். நடுக் கார்பன் வழியே, சிலுவையின் கைகளுக்கு இடையே 45 பாகையில் ஈர்க்குச்சியைச் செருகி 180 பாகை திருப்புங்கள். முன்முனை பின்னால் போகும், கிடை நெடுவாகும், மாதிரி அப்படியே பொருந்தும். இப்படி ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சி2 உண்டு. இரண்டும் எந்த ஹைட்ரஜனையும் தொடுவதில்லை.