அட்டமி பார்த்துப் போங்கள்: செவன் சிஸ்டர்ஸ் பயணத்தில் நாம் விடும் பிழைகள்

காரைநகர் கசூரினா கடற்கரையில் குளித்து வளர்ந்தவர்களுக்குக் கடலைப் பற்றி ஒரு பழக்கம் உடம்பிலேயே இருக்கும். கரையிலிருந்து நடந்துகொண்டே போகலாம். நெடுந்தூரம் போன பிறகும் தண்ணீர் இடுப்பளவில்தான் நிற்கும். காலையில் பாய் விரித்த இடத்திலேயே மாலைவரை இருக்கலாம். இலங்கையைச் சுற்றிக் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டரை எட்டுவதே இல்லை. சென்னையிலும் ஏறக்குறைய ஒரு மீட்டரோடு சரி.

இங்கிலாந்தின் தென்கரைக்குப் போகும்போதும் நாம் அதே பழக்கத்தோடுதான் இறங்குகிறோம். செவன் சிஸ்டர்ஸ் என்ற ஏழு வெள்ளைப் பாறை மேடுகள், அவற்றின் ஓரத்தில் கடலுக்குப் படிகள் இறங்கும் பேர்லிங் கேப், பக்கத்து நகரமான ஈஸ்ட்போர்ண் பக்கம் பெருக்கு பலமாக உள்ள நாட்களில் கடல் ஆறு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. இரண்டு மாடி வீட்டின் உயரம் அது. அவ்வளவும் ஆறு மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் காம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் மூழ்கி இறந்தார்கள். அந்தக் கரை பேர்லிங் கேப்பிலிருந்து கிழக்கே, அதே கிழக்கு சசெக்ஸில் இருக்கிறது. வற்று நேரத்தில் அதைப் பார்த்தால் எனக்குக் கசூரினாதான் ஞாபகம் வரும். அவ்வளவு தட்டையான மணல், தொலைவில் போய்விட்ட கடல். ஆனால் நடுவே மணல் திட்டுகளும் அவற்றுக்குப் பின்னால் தாழ்ந்த வாய்க்கால்களும் இருக்கின்றன. கடல் திரும்பும்போது முதலில் அந்த வாய்க்கால்கள் நிரம்பும். திட்டில் நிற்பவருக்குக் காலடி காய்ந்திருக்கும். கரைக்குத் திரும்பும் வழியில் தண்ணீர் ஆழமாகியிருக்கும். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. இப்போது கோடையில் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோச் பிடித்துக் கடலுக்குப் போவோம். ஐம்பது பேர் வரை இருப்போம். அம்மம்மாக்களும் வருவார்கள், தவழும் குழந்தையும் வரும். ஏற்பாட்டைப் பல வருடமாக நான்தான் பார்க்கிறேன். இதில் சொல்லும் பிழைகளில் பாதி நானே விட்டவை, மீதி என் கண்முன் நடந்தவை.

நாளை முடிவு செய்த பிறகு கடலைப் பார்ப்பது

எல்லோருக்கும் லீவு எப்போது, கோச் எப்போது கிடைக்கும், மழை வருமா என்று பார்த்து நாளைக் குறிக்கிறோம். கடல் எப்போது பெருகும் என்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே உதவும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பெருக்கு மிக உயரமாக இருக்கும், வற்றும் மிகத் தாழ்வாக இருக்கும். அப்புறம் இந்தக் கரைக்கென்று ஒரு விசேஷம் உண்டு: அந்த நாட்களில் உச்சப் பெருக்கு இங்கே நண்பகலை ஒட்டியே வருகிறது, கோடை நேரப்படி பன்னிரண்டு, ஒரு மணி அளவில். கோச் லண்டனை விட்டு எட்டு மணிக்குப் புறப்பட்டு, ஒரு இடத்தில் நின்று, கடைசியில் பேர்லிங் கேப் படிகளில் பிள்ளைகள் இறங்கும் அதே நேரம்! கீழே கடற்கரை என்று சொல்லிக்கொள்ள இடமே அதிகம் இராது. அலை பாறையின் அடியில் அடித்துக்கொண்டிருக்கும்.

அட்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ். நண்பகலை ஒட்டிக் கடல் வற்றி நிற்கும். பிறகு வரும் பெருக்கும் அவ்வளவு உயராது. நல்ல காரியம் எதற்கும் அட்டமியை நாம் தள்ளி வைப்போம். இந்தப் பயணத்துக்கு மட்டும் அட்டமியை ஒட்டிய சனி ஞாயிறைத் தேடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். நாட்காட்டி உத்தேசம்தான் தரும். சரியான மணியை அந்த நாளின் வற்றுப்பெருக்கு அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும், ஆகவே போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரம் உதவாது.

அட்டவணையில் வற்று உச்சத்துக்குப் போகும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, வற்று முடிந்து கடல் திரும்பத் தொடங்கும்போது மேலே ஏறத் தொடங்கினால் நிம்மதி. ஒரு வருடம் எங்கள் பையன்கள் நாலு பேர் சிப்பி பொறுக்கியபடி பாறைக்குக் கீழே மேற்குப் பக்கமாக நடந்துவிட்டார்கள். நாங்கள் கண்டு கூப்பிட்டு அவர்கள் ஓடிவரும்போது, போகும்போது காய்ந்திருந்த கல் மேடையில் முழங்கால் அளவு தண்ணீர். பாறையில் ஏறித் தப்ப ஒரு வழியும் இல்லை. பேர்லிங் கேப் படிகளை விட்டால் கக்மியர் ஆற்று முகம்வரை, ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு, செங்குத்துச் சுவர் மட்டும்தான். அன்றிலிருந்து எங்கள் குழுவில் படிகளின் பார்வையை விட்டு யாரும் போவதில்லை.

விளிம்பில் படம்

இது வெண்கட்டிப் பாறை. ஊரில் கரும்பலகையில் எழுதினோமே, அந்த வெண்கட்டி போலவே மென்மையான கல். நகத்தால் கீறினால் கையோடு வரும். கீழே கடல் அடியை அரிக்கிறது, மேலே மழை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. விளிம்பில் நிற்பவருக்கு இரண்டுமே தெரியாது. அவருக்குத் தெரிவது பச்சைப் புல், உறுதியான தரை. அந்தப் புல்லுக்குக் கீழே பாறை உள்வாங்கிப்போய் மேல்விளிம்பு மட்டும் வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கலாம்.

சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் தேய்கிறது என்பார்கள். அந்தச் சராசரியை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, ஏனென்றால் பாறை அப்படிச் சிறிது சிறிதாகத் தேய்வதில்லை. பல வருடம் அசையாமல் நிற்கும், பிறகு ஒரே நொடியில் சில மீட்டர் அகலத்துக்குச் சரியும். மழை நாளில்தான் விழும் என்றும் இல்லை, நல்ல வெயிலிலும் விழுந்திருக்கிறது. பேர்லிங் கேப்பில் 1878-ல் கட்டிய வீட்டு வரிசையில் சில வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்க வேண்டி வந்தது. பெல் டூட் பழைய கலங்கரை விளக்கத்தை 1999-ல் முழுதாகத் தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். ஒரு கட்டடத்தையே பின்னால் இழுக்க வைத்த விளிம்பு அது.

2017 ஜூனில் ஒரு தென்கொரிய மாணவி செவன் சிஸ்டர்ஸ் விளிம்பருகே, படத்துக்காகத் துள்ளிக் குதித்தபோது விழுந்து இறந்தார். படம் எடுத்துக் கொடுத்தவர் அங்கே தற்செயலாக நின்ற ஒருவர். நம் பிள்ளைகளும் கோச்சை விட்டு இறங்கியதும் கேட்பது அதே துள்ளல் படத்தைத்தான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விளிம்பில் நின்றால் வெள்ளைப் பாறை உன் படத்தில் வராது, நீ அதன் தலையில் அல்லவா நிற்கிறாய்? ஏழு சகோதரிகளும் வரிசையாகத் தெரிய வேண்டுமென்றால் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இதைக் கேட்ட பிறகு பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பயமுறுத்திச் சொன்னபோது அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் விதி விளிம்பிலிருந்து பத்து மீட்டர். கயிறோ வேலியோ அங்கே பெரும்பாலான இடத்தில் கிடையாது. அதைக் கோச்சுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். காற்றில் நின்று கத்தினால் யாருக்கும் கேட்காது. சிறு பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பெயர் சொல்லிப் பொறுப்பு. “எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கோ” என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் பார்ப்பதில்லை.

கீழேயும் இதே கதைதான். காற்றுக்கு ஒதுக்காக இருக்கிறது, நிழல் விழுகிறது என்று பாறையில் முதுகைச் சாய்த்துப் பாய் விரிப்பதைப் பல குடும்பங்களிடம் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் வெள்ளையாகப் புதிதாகக் கிடக்கும் கற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை மேலே பாருங்கள்.

ஆற்றின் எந்தப் பக்கம்?

எல்லோர் கைபேசியிலும் உள்ள அந்தப் படம், முன்னால் இரண்டு மூன்று பழைய வீடுகளும் பின்னால் வெள்ளைச் சுவர்களும் தெரிவது, கக்மியர் ஆற்றின் மேற்குப் பக்கத்தில், சீஃபோர்ட் மேட்டிலிருந்து எடுத்தது. செவன் சிஸ்டர்ஸ் பூங்காவின் வாசல், எக்ஸீட் என்ற இடம், கிழக்குப் பக்கம். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. எக்ஸீட்டில் இறங்கி 2 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீடுகளை ஆற்றுக்கு அப்பால் காட்டினேன். பாலம் திரும்பவும் எக்ஸீட்டில், ஏ259 வீதியில்தான். ஆற்று முகத்தில் குறுக்கே நடந்துவிடலாம் போலத் தெரியும்; சிலர் இறங்கவும் பார்த்தார்கள். கடலின் வற்றும் ஆற்றின் ஓட்டமும் சேர்ந்து இழுக்கும் இடம் அது. இறங்க விடாதீர்கள்.

ஆகவே நடக்கப் போகிறோமா, படம் பார்க்கப் போகிறோமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். படம்தான் முக்கியம் என்றால் சீஃபோர்ட் பக்கம் போங்கள். நடை என்றால் எக்ஸீட்டிலிருந்து பேர்லிங் கேப் வரை 6 கிலோமீட்டருக்கு மேல், ஏழு மேடும் ஏறி ஏழு மேடும் இறங்க வேண்டும். முதல் மேடான ஹேவன் பிரவ் 77 மீட்டர். முழங்கால் நோவு உள்ளவர்களை “மெதுவா வாங்கோ” என்று கூட்டிப்போனால் மூன்றாவது மேட்டில் அவர்களால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. இடையில் கடையோ கழிப்பறையோ ஒரு மரநிழலோ இல்லை.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். நடப்பவர்களை எக்ஸீட்டில் இறக்குகிறோம். முதியவர்களையும் குழந்தைகளையும் சாப்பாட்டையும் கோச் வீதி வழியாகப் பேர்லிங் கேப்புக்குக் கொண்டுபோகிறது. அங்கே தேநீர்க்கடையும் கழிப்பறையும் உண்டு. எங்கள் தமிழ்ப் பள்ளியின் மூத்த மாமி ஒருவர் அங்கே மேலே நாற்காலி போட்டு இருந்தபடியே வெள்ளைச் சுவர் முழுவதையும் பார்த்தார். நடந்து வந்தவர்கள் யாரும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கோச் நிறுத்த இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். சாரதிக்கு நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட ஓய்வு சட்டப்படி வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். கோச் இல்லாமல் சிறு குழுவாகப் போனால் பிரைட்டன், ஈஸ்ட்போர்ண் இரண்டுக்கும் நடுவே ஓடும் 12-ஆம் இலக்க பஸ் எக்ஸீட்டில் நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காற்றில் காகிதத் தட்டு நிற்காது, மூடியுள்ள பெட்டியில் ஆளுக்கொரு கட்டுச்சோறு நல்லது. காய்ந்த புல்வெளியில் அடுப்பு மூட்ட வேண்டாம்.

வெயிலைப் பார்த்துத் தண்ணீரை அளப்பது

ஆகஸ்ட் மாத வெயிலிலும் இந்தக் கடல் 17, 18 பாகை செல்சியஸ்தான். நம் ஊர்க் கடல் 28 பாகை. திடீரென்று குதித்தால் மூச்சு நம் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். வாயைத் திறந்து இழுக்கும்போது தண்ணீரும் உள்ளே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது நடக்கும். அப்படி ஆனால் நீந்தப் பார்க்காமல் மல்லாந்து, காது நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கை கால்களை மெல்ல அசைத்தபடி மிதக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் மூச்சு திரும்பும். பிறகு கூப்பிடலாம், நீந்தலாம். இதைப் போவதற்கு முந்தின வாரம் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் செய்து பழக்குங்கள். குளிப்பதென்றால் ஈஸ்ட்போர்ணில், சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவே மட்டும். சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்க வேண்டாம்.

ஒருவர் தத்தளித்தால் அவரைப் பிடிக்க அண்ணன் இறங்குவான், அண்ணனைப் பிடிக்கச் சித்தப்பா இறங்குவார். நம் பாசம் அப்படி. அந்த நேரத்தில் கையில் உள்ள பந்தை, மூடிய வெற்றுத் தண்ணீர்க் கலனை அவரை நோக்கி எறிந்துவிட்டு, அவசர இலக்கமான 999-ஐ அழைத்து “கோஸ்ட்கார்ட்” (கடலோரக் காவல்) என்று கேட்க வேண்டும். பொலிஸ், அம்புலன்ஸ் என்று கேட்டால் நேரம் வீணாகும். நிற்கும் இடத்தின் பெயரும் தெரிய வேண்டும். ஆகவே கோச்சில் ஏறும்போதே ஒரு துண்டுத் தாளில் 999, கோஸ்ட்கார்ட், பேர்லிங் கேப், அன்றைய பெருக்கு நேரம் என்று எழுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கிறேன். கைபேசியில் அனுப்பினாலும் தாளாகவும் கொடுக்கிறேன், ஏனென்றால் அம்மம்மாக்கள் அதைத்தான் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்திருப்பார்கள்.