சென்னையில் சைக்கிள் பை தொழில்: முதல் பையிலிருந்து முதல் விற்பனை வரை

சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்கு முதுகுப் பை சரிவராது. சென்னை வெயிலில் பத்து நிமிடம் மிதித்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பைகள் பெரும்பாலும் நெடும்பயணக்காரர்களுக்கானவை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால் மலையேறக் கிளம்பியவர் மாதிரி இருக்கும். கேரியரிலும் மாட்ட வேண்டும், கழற்றினால் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பைக்கு ஆள் இருக்கிறது.

1. ஒரே ஒரு மாடல்

நாலு வகை வேண்டாம். 15 அங்குல லேப்டாப், மழைக்கோட்டு, டிபன் பாக்ஸ் மூன்றும் கொள்ளும் ஒரு பை போதும். டிபன் பாக்ஸ் நிமிர்ந்து நிற்க அடியில் தனி அறை வையுங்கள். சாம்பார் சிந்திய பையை யாரும் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய மாட்டார்கள்.

2. கேரியரை அளந்துவிட்டு வரையுங்கள்

தொழிலின் உயிர்நாடி கொக்கிதான். கேரியர் கம்பியின் தடிமன் வண்டிக்கு வண்டி மாறும்; 8 மி.மீ. முதல் 16 மி.மீ. வரை பிடிக்கிற கொக்கியாகப் பாருங்கள். கீழே ஆடாமல் இருக்க இன்னொரு பிடியும் தேவை. அப்புறம் குதிகால். மிதிக்கும்போது பையில் இடிக்கும், அதனால் முன்பக்கக் கீழ்மூலையைச் சாய்வாக வெட்டுங்கள். முதலில் காகிதத்தில் பேட்டர்ன், பிறகு மலிவான துணியில் ஒரு சாம்பிள்.

3. துணியும் நூலும்

உள்பக்கம் பூச்சு போட்ட 500 அல்லது 1000 டீனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) நைலான் நம்பகமானது. இங்கிலாந்தின் சைக்கிள் பை நிறுவனமான கேரடைஸ் 1932-இலிருந்து பருத்திக் கான்வாஸில் பெயர் வாங்கியது. ஜூரிக்கில் 1993-இல் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாய், சீட் பெல்ட், சைக்கிள் டியூபைக் கொண்டே பை செய்யத் தொடங்கினார்கள். நம் ஊரில் பிளக்ஸ் பேனருக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் அது மடிப்பில் வெடித்துவிடும், வேண்டாம். சீட் பெல்ட் மட்டும் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம், தோள்பட்டைக்கு அருமையாக இருக்கும்.

பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். கெட்டியான நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலும் 18-ஆம் நம்பர் ஊசியும் வாங்குங்கள். துணி நனையாவிட்டாலும் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் தையலின் உள்பக்கம் டேப் ஒட்டுங்கள், வாயைச் சுருட்டி மூடும்படி வையுங்கள். வீட்டு மெஷின் இந்தத் தடிமனுக்குத் திணறும். ரெக்சின் தைக்கும் பவர் மெஷின்காரரிடம் பேசுங்கள்.

4. சோதனை

ஐந்து கிலோ அரிசியை உள்ளே வைத்து வேகத்தடைகள் மேல் ஓட்டுங்கள். பிறகு காகிதம் அடைத்து ஷவரின் கீழ் நிறுத்துங்கள்.

5. விலை

உதாரணத்துக்கு, பொருள் 700, தையல் 400, பேக்கிங் 60 என்றால் அடக்கம் 1,160 ரூபாய். 1,500-க்கு விற்றால் கையைக் கடிக்கும். கடைக் கமிஷன், பழுதுபார்ப்பு எல்லாம் உண்டே. இரண்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள்.

6. பதிவும் விற்பனையும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும்வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி கட்டாயமில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரு பை அனுப்பினாலும் பதிவு வேண்டும். வர்த்தக முத்திரைக்குப் பொதுவான பைகள் 18-ஆம் வகுப்பில் வரும், சைக்கிளில் மாட்டவே செய்த பைகள் 12-ஆம் வகுப்பில் வரும். வடிவமைப்பைப் பதிவு செய்வதானால் இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், வெளியான வடிவத்தைப் புதியது என்று ஏற்க மாட்டார்கள். அது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் குழுக்கள் டீக்கு நிற்கும் இடத்துக்குப் பையோடு போங்கள்.