தோட்டத் தொழிலாளர்களிடம் நினைவாற்றல் பரிசோதனை: செய்யும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்படி ஒரு கேள்வியோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: தேயிலை ஃபேக்டரி மெஷின் சத்தத்தில் நினைவாற்றல் குறைகிறதா? ஒரு பட்டியல் சொற்களைக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொல்வதுதான் சோதனை.

ஒரே ஆளைச் சத்தத்திலும் அமைதியிலும் சோதித்தால், நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க 34 பேர் போதும். தனித்தனிக் குழு என்றால் குழுவுக்கே 64 பேர் வேண்டும். 36 பேராக எடுங்கள், காரணம் இருக்கிறது. சொற்பட்டியல் இரண்டு, சூழல் இரண்டு, ஆக நான்கு வரிசை. வரிசைக்கு 9 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம். எல்லோருக்கும் அமைதியையே இரண்டாவதாக வைத்தால், கை பழகியதால் கூடிய மதிப்பெண் அமைதியின் பலன் மாதிரித் தெரியும்.

பட்டியலுக்கு 15 சொல், இரண்டு வினாடிக்கு ஒன்று. கொழுந்து, கூடை, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) மூன்றையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதை இழுத்துக்கொண்டு வரும். வீட்டில் படுகு மொழி பேசுகிறவர்களுக்கும் சொற்கள் பழக்கமானவைதானா என்று முன்கூட்டி நாலைந்து பேரிடம் பார்த்துவிடுங்கள். சத்தம் 70 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வரும்வரை ஒருவரைக்கூடச் சோதிக்கக் கூடாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும்.

பல ஆய்வுகள் சறுக்குவது சம்மதம் வாங்கும் இடத்தில்தான். மேஸ்திரி வரிசையில் நிறுத்தி அனுப்பிய 36 பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அது சம்மதம் ஆகாது, நாளைய வேலையை நினைத்த பயம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி மட்டும் வாங்குங்கள்; ஆள் சேர்ப்பதை வேலை முடிந்தபின் லைன் வீட்டுப் பக்கம் நீங்களே செய்யுங்கள். படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படியுங்கள். "நடுவில் எழுந்து போகணும்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "போக முடியுமா சார்?" என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து விளக்குங்கள். படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். செலவிட்ட நேரத்துக்கான பணத்தைப் பாதியில் போகிறவருக்கும் முழுசாகக் கொடுங்கள்.

முடிந்ததும் "எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பார்கள். இது ஆளைச் சோதிக்கும் பரீட்சை இல்லை, சத்தத்தைச் சோதிப்பது என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள். மதிப்பெண் நிர்வாகத்துக்குப் போகவே கூடாது.

தாளில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்; எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் வேறொரு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அறிக்கையில் ஊர்ப் பெயரும் வயதும் சேர்ந்து வர வேண்டாம். நாற்பது வீடு உள்ள ஹட்டியில் (படுகர் ஊர்) "58 வயதுப் பெண், ஃபேக்டரி வேலை" என்றாலே யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.