திருகோணமலையில் இருந்தே ஜிமேட்டுக்குப் படிக்கலாம்

ஜிமேட் என்பது எம்பிஏ போன்ற முகாமைத்துவப் படிப்புகளில் சேர எழுதும் பரீட்சை. இதுக்காகக் கொழும்பில் அறை எடுத்து ரியூசன் போகத் தேவையில்லை. எம்பிஏ.கொம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாதிரிப் பரீட்சைகளில் ஒன்றை, எதுவும் படிக்காமலே, உவர்மலையோ உப்புவெளியோ உங்கள் வீட்டு மேசையில் இருந்து எழுதிப் பாருங்கள். மற்றதைக் கடைசிக்கு வையுங்கள்.

இப்போது மூன்று பகுதிகள்: கணக்கு 21 கேள்வி, ஆங்கில வாசிப்பும் தர்க்கமும் 23, தரவு 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மொத்தப் புள்ளி 205 இலிருந்து 805 வரை. தெரிந்த அண்ணாமார் பழைய புத்தகம் தந்தால் வாங்குங்கள், ஆனால் அதிலுள்ள கேத்திரகணிதமும் வசனத் திருத்தமும் இப்போது பரீட்சையில் இல்லை.

உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள்தான் கணக்கில் அதிகம் தடுமாறுவார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் முழு வழியையும் எழுதிப் பழகிய கை. இங்கே கல்குலேட்டரும் கிடையாது, ஒரு கேள்விக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்தான். 48 இன் 37.5 வீதம் என்றால் எட்டில் மூன்று, 18, அவ்வளவுதான், தசமத்தில் பெருக்க உட்காராதீர்கள். பிழைத்த கேள்விகளுக்குத் தனிக் கொப்பி வைத்து, விடையை எழுதாமல் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு பகுதியில் மூன்று விடைகள் மட்டும் மாற்றலாம். விடாமல் எல்லாக் கேள்விக்கும் பதில் போடுங்கள், விட்டால் புள்ளி குறையும்.

கடவுச்சீட்டில் உள்ள பெயரையே அப்படியே பதியுங்கள். அப்புறம், கொழும்பில் எழுதுவதென்றால் இரவு பஸ்ஸில் போய் நேரே மண்டபத்துக்குள் நுழையாமல் முதல்நாளே போய்ச் சேருங்கள்.